ஒரே நஞ்சு, இரண்டு ஸ்படிகம்

சுவிட்ஸர்லாந்தில் ரைன் நதிக்கரையிலுள்ள பாஸல் நகரத்தில், சாயப்பொருள்களுக்குப் பேர்போன கெய்கி கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலையில், பால் ஹெர்மன் முல்லர் என்ற ரசாயன விஞ்ஞானி, பூச்சி தின்ன வேண்டிய அவசியமில்லாமல், வெறுமனே தொட்ட மாத்திரத்தில் அதைக் கொல்லக்கூடிய ஒரு வஸ்துவைத் தேடி ஆண்டுக்கணக்கில் உழைத்துவந்தார். அந்தத் தேட்டம் 1939-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் பலித்தது. ஈக்கள் அடைத்த கண்ணாடிக் கூண்டில் அவர் தெளித்துப் பார்த்த ஒரு வெண்ணிறப் பதார்த்தத்தின்மேல் கால் வைத்த ஈக்கள், சற்று நேரத்தில் நடுநடுங்கி, மல்லாந்து விழுந்து மடிந்தன. இவ்வளவோடு நின்றிருந்தால் அது பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். ஆனால் கூண்டை எவ்வளவு கவனமாகக் கழுவினாலும், மருந்தே தெளிக்காமல் புதிதாக விட்ட ஈக்களும் சுவரைத் தொட்டதும் விழுந்தன. கூண்டைப் பகுதி பகுதியாகக் கழற்றி, நன்றாகத் துலக்கி, ஏறக்குறைய ஒரு மாத காலம் வெளிக்காற்றில் போட்டுவைத்த பிறகே அடுத்த பரிசோதனையைத் தொடங்க முடிந்தது என்று, 1948-இல் நோபல் பரிசு பெற்றபோது நிகழ்த்திய உரையில் முல்லரே சொல்லியிருக்கிறார்.

அந்தப் பதார்த்தந்தான் டி.டி.டி. கழுவிய கூண்டில் எஞ்சி நின்று ஈக்களைக் கொன்றது ஆவியுமல்ல, திரவமுமல்ல. கண்ணுக்குப் புலப்படாத அளவில் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த மிக நுண்ணிய ஸ்படிகங்களே அவை. இந்த விஷயம் அப்போதே கண்ணெதிரே இருந்ததென்றாலும், அடுத்த எழுபது எண்பது ஆண்டுகளுக்கு டி.டி.டி.யைப் பற்றி எழுதப்பட்ட ஏராளமான ஆராய்ச்சிகள் எல்லாம் அதன் மூலக்கூறைப் பற்றியும், அது பூச்சியின் நரம்பில் செய்யும் காரியத்தைப் பற்றியும், பறவையின் முட்டையோட்டிலும் தாய்ப்பாலிலும் அது போய்ச் சேர்வதைப் பற்றியும் பேசினவேயன்றி, அந்த மூலக்கூறுகள் ஸ்படிகத்துக்குள் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றன, அந்த அடுக்கு மாறினால் நஞ்சின் வேகமும் மாறுமா என்ற கேள்வியைப் பெரும்பாலும் தீண்டவேயில்லை. ஸ்படிக அமைப்பு என்பது அட்டவணையில் போட்டு மூடிவைக்கத்தக்க செய்தி, கொல்லும் ஆற்றலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. அந்த எண்ணம் தவறானது.

டி.டி.டி. மூலக்கூறு அப்படியொன்றும் சிக்கலானதல்ல. ஒதமார் ஸைட்லர் என்ற ஆஸ்திரிய மாணவர், ஸ்ட்ராஸ்பர்கில் அடால்ஃப் பேயரின் கீழ்ப் பயின்றபோது, குளோரால் என்ற பொருளையும் குளோரோபென்ஸீனையும் கந்தக அமிலத்தின் முன்னிலையில் சேர்த்து, 1874-லேயே அதைத் தயாரித்துவிட்டார். அதற்கு என்ன பிரயோஜனம் என்று அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. நடுவே ஒரு கரி அணு. அதற்குள்ள நான்கு கைகளில் ஒன்றைப் பற்றிக்கொண்டு ஒரு ஹைட்ரஜன் அணு. இன்னொன்றில் மூன்று குளோரின் அணுக்களைச் சுமந்த மற்றொரு கரி அணு. மீதி இரண்டு கைகளிலும் இரண்டு பென்ஸீன் வளையங்கள். ஒவ்வொரு வளையத்தின் எதிர்க்கோடியிலும் ஒரு குளோரின் அணு. ஆக மொத்தம் பதினான்கு கரி அணுக்களும், ஒன்பது ஹைட்ரஜன் அணுக்களும், ஐந்து குளோரின் அணுக்களுமாக இருபத்தெட்டு அணுக்கள். வளையங்களில் ஒன்றிலுள்ள குளோரின், எதிர்க்கோடியை விட்டு நடுக்கரி அணுவுக்குப் பக்கத்து இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டால், கிடைப்பது டி.டி.டி.யின் சகோதரச் சேர்மம். எடையும் ஒன்று, அணுக்களின் எண்ணிக்கையும் ஒன்று, ஆயினும் பூச்சிகளைக் கொல்லும் சக்தி அதற்கு வெகு குறைவு. ஆலையிலிருந்து வெளிவரும் டி.டி.டி.யில் சுமார் நான்கில் மூன்று பங்கு உண்மையான நஞ்சாகவும், ஆறில் ஒரு பங்கு இந்தச் சோம்பேறிச் சகோதரனாகவும் இருக்கும். அணுக்களின் இட அமைப்பு ஒரு நஞ்சின் வீரியத்தை எப்படி மாற்றும் என்பதற்கு இது முதல் சாட்சி.

இரண்டாவது சாட்சி நம்மூர் விவசாயிகளில் வயது சென்றவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருள். நெல்வயலில் தூவுவதற்காகக் கடைகளில் கிடைத்த, மக்கிய நெடி அடிக்கும் பி.எச்.சி. பவுடரை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மைக்கேல் ஃபாரடே, பென்ஸீனைக் கண்டுபிடித்த அதே 1825-ஆம் ஆண்டில், பென்ஸீனையும் குளோரின் வாயுவையும் சூரிய ஒளியில் வைத்து இதையும் உண்டாக்கிவிட்டார். ஆறு கரி அணுக்களாலான ஒரு வளையம். ஒவ்வொரு கரி அணுவிலும் ஒரு ஹைட்ரஜன், ஒரு குளோரின். ஆனால் வளையம் தட்டையாக இல்லாமல் மேலும் கீழுமாக மடங்கியிருப்பதால், ஒவ்வொரு குளோரினும் வளையத்தின் விளிம்போடு வெளிநோக்கிப் படிந்திருக்கலாம், அல்லது வளையத்துக்குச் செங்குத்தாக மேலேயோ கீழேயோ நீட்டிக்கொண்டிருக்கலாம். இந்த வேறுபாட்டினால் ஒரே சூத்திரமுடைய பல சேர்மங்கள் பிறக்கின்றன. அவற்றில் நான்கினை வான் டெர் லிண்டன் என்ற டச்சு ரசாயனி 1912-இல் பிரித்தெடுத்தார். மூன்று குளோரின்கள் படிந்தும் மூன்று நிமிர்ந்தும் உள்ள காமா வடிவம் ஒன்றே பூச்சிகளுக்கு எமன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் வெளிப்பட்ட உண்மை இது. பொட்டலத்திலிருந்த பி.எச்.சி.யிலோ காமா வடிவம் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்குதான். மீதியெல்லாம், பூச்சிக்கு அதிகக் கெடுதல் செய்யாமல் நிலத்துக்கும் நீருக்கும் மட்டும் கெடுதல் செய்த சரக்கு.

இதில் பீட்டா என்ற வடிவத்தின் கதை விசேஷமானது. ஆறு குளோரின்களும் வெளிநோக்கிப் படிந்திருக்கும் அந்த மூலக்கூறு எல்லாப் பக்கத்திலும் சமச்சீரானது. ஆகையால் ஒன்றோடொன்று பொருந்தி நெருக்கமாக அடுக்கிக்கொள்ள அது மிகவும் தகுந்தது. காமா வடிவம் 112 டிகிரி செல்ஸியஸை ஒட்டி உருகிவிட, பீட்டாவை உருக்க 300 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டியிருப்பதற்கு இந்தப் பொருத்தமே காரணம். கலிபோர்னியாவில் டிக்கின்ஸன் என்பவரும் பிலிக்கி என்பவரும் இந்தப் பீட்டா வடிவத்தின் ஸ்படிக அமைப்பை 1928-லேயே தீர்மானித்துவிட்டார்கள். பி.எச்.சி.யைப் பூச்சிக்கொல்லியென்று உலகம் அறிவதற்கு முன்பே, அதன் உறவினர் ஒருவரின் உள்ளமைப்பு இவ்வாறு ஏட்டில் ஏறிவிட்டது. நஞ்சான காமாவின் அமைப்பை ஹாலந்தில் பைவூட் என்பவரும் அவருடைய குழுவினரும் 1950-இல் வெளியிட்டார்கள். பீட்டாவின் குளோரின்கள் படிந்திருக்கும் விதத்தால் அதைச் சிதைப்பது உயிர்களின் உடலுக்கும் கடினமாயிருக்கிறது, பி.எச்.சி. தூவிய தேசங்களின் ஜனங்களுடைய உடற்கொழுப்பில் நெடுங்காலம் தங்கிவிடுவது இந்தப் பீட்டாதான். இந்தியாவில் பி.எச்.சி. 1997-இல் தடை செய்யப்பட்டது.

இவற்றையெல்லாம் மனிதக் கண் எவ்வாறு கண்டது என்பதையும் சிறிது சொல்ல வேண்டும். உப்பிலும் சர்க்கரையிலும் நாம் காணும் பளபளப்பான முகங்களும் கூர்மையான விளிம்புகளும், அவற்றினுள்ளே அணுக்களோ மூலக்கூறுகளோ ஒரே மாதிரியான ஒழுங்கில் திரும்பத் திரும்ப வைக்கப்பட்டிருப்பதன் வெளி அடையாளம் என்று முன்னோர்கள் ஊகித்தார்களேயன்றி, நிரூபிக்க அவர்களிடம் கருவி இல்லை. நாம் காணும் ஒளியின் அலை, அணுக்களுக்கிடையிலுள்ள தூரத்தைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு நீளமானது. அதைக் கொண்டு அணுவைப் பார்க்க முடியாது. ஆனால் எக்ஸ்-கிரணத்தின் அலை நீளமும் அணுக்களின் இடைவெளியும் ஏறத்தாழ ஒரே அளவு. அதாவது ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு. எனவே ஸ்படிகத்தின் ஊடே எக்ஸ்-கிரணத்தைச் செலுத்தினால் அது குறிப்பிட்ட திசைகளில் மட்டுமே சிதற வேண்டும் என்று மாக்ஸ் வான் லாவே என்பவர் கருத, 1912-இல் மியூனிக் நகரில் ஒரு மயில்துத்தத் துண்டைக் கொண்டு நடத்திய பரிசோதனை அதை மெய்ப்பித்தது. சிதறிய கிரணங்கள் படத்தகட்டில் பதிக்கும் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இடங்களைக் கணக்கிட்டறியும் வழியை, தந்தையும் மகனுமான பிராக்குகள் வகுத்தார்கள். 1915-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது மகனுக்கு வயது இருபத்தைந்து.

எக்ஸ்-கிரணத்தைச் சிதறடிப்பவை அணுவிலுள்ள எலக்ட்ரான்கள். ஹைட்ரஜனில் ஓர் எலக்ட்ரான், கரி அணுவில் ஆறு, குளோரினிலோ பதினேழு. ஆகவே குளோரின் அதிகமுள்ள சேர்மங்களின் ஸ்படிகத்தில் குளோரின் அணுக்கள் பளிச்சென்று தெரிந்து, மற்ற அணுக்களின் இருப்பிடத்தைக் கண்டுகொள்ளக் கைகாட்டியாக உதவும். குளோரின் நிறைந்த பூச்சிக்கொல்லிகள் இந்த வகையில் ஸ்படிக சாஸ்திரிகளுக்கு இணக்கமான பொருள்களே. இருந்தும் டி.டி.டி.யின் முழு அமைப்பு, ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த டிலேசி, கென்னார்ட் ஆகியோரின் கட்டுரையாக 1972-இல்தான் வெளிவந்தது. பூச்சிக்கொல்லிகளின் தீங்கைப் பற்றி ரேச்சல் கார்ஸன் 1962-இல் எழுதிய புத்தகம் மூட்டிய விவாதம் முற்றி, அமெரிக்கா டி.டி.டி.க்குத் தடை விதித்ததும் அதே 1972-ஆம் ஆண்டு. உலகம் அந்தப் பொருளைக் கைவிடத் தொடங்கிய ஆண்டும், அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று முழுதாகக் கண்ட ஆண்டும் ஒன்றாக அமைந்தது விந்தையே.

அந்த ஸ்படிகத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் விரியும் ஒரு சிறு பெட்டியைக் கற்பித்துக்கொண்டால், அதற்குள் நான்கு மூலக்கூறுகள் அடங்கும். அந்தப் பெட்டியே எல்லாத் திசைகளிலும் கோடானுகோடி முறை திரும்ப அடுக்கப்பட்டுக் கைக்குத் தெரியும் ஸ்படிகமாகிறது. மூலக்கூறுகளுக்குள் அணுக்களைப் பிணைப்பது வலுவான ரசாயனப் பந்தம். ஆனால் ஒரு மூலக்கூறுக்கும் அதன் அண்டை மூலக்கூறுக்கும் இடையே இருப்பதோ, தொட்டுக்கொண்டிருப்பதால் மட்டும் உண்டாகிற பலவீனமான ஈர்ப்பு. சர்க்கரையில் போல ஹைட்ரஜன் பாலங்கள் இல்லை; உப்பில் போல மின்னேற்றக் கவர்ச்சியும் இல்லை. அதனால்தான் டி.டி.டி. 109 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. அதனால்தான், தகுந்த இடம் கிடைத்தால், மேற்பரப்பிலுள்ள மூலக்கூறு தன் வரிசையை விட்டுக் கழன்றுகொள்ளவும் முடிகிறது. பூச்சியின் கால் அப்படிப்பட்ட இடம்.

பூச்சியின் மேல்தோல் மெழுகு பூசியது. தண்ணீரில் அநேகமாகக் கரையவே கரையாத டி.டி.டி., மெழுகிலும் கொழுப்பிலும் எளிதாகக் கரைந்துபோகும். சுவரில் உலர்ந்து கிடக்கும் ஸ்படிகத்தின்மேல் கொசு அமர்ந்தால், ஸ்படிகத்தின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கால் நுனியின் மெழுகில் இறங்கி, அங்கிருந்து ஊடுருவி நரம்பை அடைகின்றன. நரம்பில் மின்துடிப்பு ஓடும்போது, ஸோடியம் அயனிகள் நுழைவதற்காகச் சில வாயில்கள் கண நேரம் திறந்து உடனே மூடிக்கொள்ள வேண்டும், டி.டி.டி. மூலக்கூறு அந்த வாயிலில் போய்ப் பொருந்தி, மூடவிடாமல் செய்துவிடுகிறது. நரம்பு ஓய்வின்றித் துடிக்க, பூச்சி நடுங்கி, செயலிழந்து, இறக்கிறது. இந்தத் தொடர் நிகழ்ச்சியில் நரம்பின் பங்கை விரிவாக ஆராய்ந்த விஞ்ஞானம், முதற்படியை, அதாவது மூலக்கூறு ஸ்படிகத்தை விட்டுப் பிரியும் கட்டத்தை, ஏனோ தானாக நடப்பதென்று விட்டுவிட்டது.

இங்கேதான் பழைய ரசாயன உண்மையொன்று நினைவுக்கு வர வேண்டும். ஒரே பொருள் ஒன்றுக்கு மேற்பட்ட விதமான ஸ்படிகங்களாகலாம் என்பதை ஜெர்மானியரான மிட்ஷர்லிக் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கந்தகத்தைக் கொண்டும் சில உப்புக்களைக் கொண்டும் காட்டினார். ஒரே சூளையில் சுட்ட செங்கற்களைக் கொண்டு ஒரு கொத்தனார் இடைவெளியில்லாத கெட்டிச் சுவரும் எழுப்பலாம், மற்றொருவர் கையால் உருவக்கூடிய தளர்ந்த சுவரும் எழுப்பலாம். கல்லில் வேற்றுமை இல்லை, அடுக்கில்தான். இப்படி உண்டாகும் பல்வேறு ஸ்படிக வடிவங்களில் ஒன்றுதான் மிகவும் ஸ்திரமானது. மற்றவை, அவகாசம் கிடைக்கும்போது அதை நோக்கி மாற முயல்பவை. ஆனால் உருகிய திரவம் குளிரும்போது, ஸ்திரமான வடிவம் முதலில் தோன்ற வேண்டுமென்ற நியதியில்லை என்றும், ஸ்திரம் குறைந்ததே பெரும்பாலும் முந்திக்கொள்ளும் என்றும் 1897-இல் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் சொன்னார். ஒரு சேர்மத்துக்கு எத்தனை ஸ்படிக வடிவங்கள் தெரிந்திருக்கின்றன என்பது, அதை ஆராய எவ்வளவு காலமும் பணமும் செலவழித்தோம் என்பதைப் பொறுத்தது என்று அமெரிக்க நுண்ணோக்கி நிபுணர் வால்ட்டர் மெக்ரோன் 1965-இல் கருத்துரைத்தது பாதி வேடிக்கையாகத் தோன்றினாலும், பின்னால் அது முற்றும் உண்மையாயிற்று.

மருந்துத் தொழில்துறையினர் இதைப் பெருநஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டார்கள். எய்ட்ஸ் நோய்க்குக் கொடுக்கப்பட்ட ரிட்டோனாவிர் என்ற மருந்து விற்பனைக்கு வந்த பிறகு, 1998-இல், முன்பின் காணாத ஸ்திரமான ஸ்படிக வடிவமொன்று ஆலையில் திடீரென்று தலைகாட்டியது. மூலக்கூறு அதேதான், ஆனால் புதிய ஸ்படிகம் மிகக் குறைவாகவே கரைந்ததால், அந்த மருந்தின் கேப்ஸ்யூலைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி ஆயிற்று. அன்று முதல் புதிய மாத்திரை ஒவ்வொன்றுக்கும் ஸ்படிக வடிவம் இன்னதென்று துருவிக் கேட்கும் வழக்கம் உறுதிப்பட்டது. வயலிலும் வீட்டுச் சுவரிலும் தெளிக்கப்படும் நஞ்சை அவ்வளவு துருவிக் கேட்க நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை.

நியூயார்க் சர்வகலாசாலையில் ஸ்படிக வளர்ச்சியை ஆராய்ந்துவந்த பார்ட் கார், மைக்கேல் வார்ட் ஆகிய இருவரும் அவர்களுடைய சகாக்களும்தான் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள். டி.டி.டி.யை உருக்கிக் குளிரவைத்து நுண்ணோக்கியின் அடியில் பார்த்தபோது, 1972-இல் அமைப்பு தெரிந்த ஸ்படிகத்தோடுகூட, வேறொரு விதமான ஸ்படிகமும் வளர்வது அவர்களுக்குப் புலனாயிற்று. எக்ஸ்-கிரணத்தால் அதன் அமைப்பைத் தீர்மானித்து 2017-இல் வெளியிட்டார்கள். பழைய வடிவத்தின் பெட்டியில் எல்லாக் கோணங்களும் நேர்க்கோணம். இரண்டாம் வடிவத்தின் பெட்டியில் ஒரு கோணம் மட்டும் நேர்க்கோணத்தினின்று சாய்ந்திருக்கிறது. அடுக்கு வேறு, ஸ்திரமும் குறைவு. தானாகவே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும் சுபாவம் அதற்கு உண்டு. இரண்டு வடிவங்களின்மேலும் பழ ஈக்களை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ஸ்திரம் குறைந்த வடிவத்தின்மேல் நடந்த ஈக்கள் விரைவில் விழுந்தன. அதற்கு முன் நாம் எண்ணியிருந்தது சரியாயிருந்தால், மூலக்கூறு ஒன்றேயாதலால் விளைவும் ஒன்றேயாக இருந்திருக்க வேண்டும்.

காரணம் கடினமானதல்ல. தளர்ந்த அடுக்கிலுள்ள மூலக்கூறுகளை அண்டை மூலக்கூறுகள் இறுக்கிப் பிடிக்கவில்லை. ஆதலால் அவை மெழுகை நோக்கி விரைவாகப் புறப்படுகின்றன. நரம்பை எட்டும் நஞ்சின் அளவு, அந்தப் புறப்பாட்டின் வேகத்தைப் பொறுத்தது. கொல்லும் வேகமும் ஸ்படிகத்தின் ஸ்திரமும் ஒன்றுக்கொன்று எதிராக நடப்பவை என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். இதிலிருந்து கிடைக்கும் அனுமானம் சற்றே சங்கடமானது: ஆலையில் தயாராகி, மூட்டையில் கட்டப்பட்டு, கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்து சுவரை வந்தடையும் நஞ்சு, இயற்கையின் நியதிப்படி தன் வடிவங்களில் மிகவும் ஸ்திரமானதை நோக்கியே செல்லும், ஆகவே பல ஆண்டுகளாக உலகம் முழுவதும் தெளிக்கப்பட்டது, அந்த நஞ்சின் மிகவும் மந்தமான வடிவமாக இருக்க வேண்டும்.

டி.டி.டி. ஒன்றின் தனிக்குணம் இது என்று ஒதுக்கிவிடவும் முடியாதபடி, அதே குழுவினர் வேறு நஞ்சுகளிலும் இதைக் கண்டார்கள். டெல்டாமெத்ரின் என்பது, இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட் 1974-இல் உருவாக்கிய, செயற்கைப் பைரெத்ராய்டு என்ற வகையைச் சேர்ந்த பூச்சிக்கொல்லி. இன்று மலேரியாவுக்கெதிராகக் கொசு வலைகளிலும் சுவர்த் தெளிப்பிலும் பெருமளவில் பயன்படுகிறது. கடையில் கிடைக்கும் டெல்டாமெத்ரின் தூளை 110 டிகிரிக்குச் சில நிமிஷங்கள் சூடாக்கிக் குளிரவிட்டால் வேறொரு ஸ்படிக வடிவம் கிடைக்கிறது; அது பழைய வடிவத்தைவிடப் பன்னிரண்டு மடங்குவரை விரைவாகக் கொசுக்களைக் கொன்றதென்றும், ஆறு மாதமாயினும் கெடாமல் நின்றதென்றும் 2020-இல் அறிவித்தார்கள். புது மூலக்கூறு எதையும் கண்டுபிடிக்கவில்லை. கோடிக்கணக்கில் முதலீடு இல்லை. வேண்டியது ஒரு சூட்டடுப்பு. மறு வருஷம் வெளிவந்த ஆராய்ச்சியில், நெல்லுக்கும் பருத்திக்கும் நம் விவசாயிகள் அடிக்கும் இமிடாகுளோபிரிட் என்ற மருந்துக்கு, அதுவரை தெரிந்திருந்த இரண்டோடு ஏழு புதிய வடிவங்களும் சேர்ந்து ஒன்பது ஸ்படிக வடிவங்கள் இருப்பது தெரியவந்தது. அவற்றில் வீரியம் மிக்கது ஒன்பது மடங்கு வேகமாகக் கொன்றது. மெக்ரோன் சிரித்திருப்பார்.

இதன் பிரயோஜனத்தை எடைபோடும்போது நிதானம் வேண்டும். நஞ்சு வேகமாகக் கொல்கிறதென்பதே ஒரு நன்மையாகாது. தேனீயும் ஈயைப்போல் மெழுகுக் காலுடையதுதான். வீரியமான வடிவம் கிடைத்துவிட்டதென்று பழைய அளவே தெளித்தால், தேனீக்கும் சேர்த்து நாசம் வேகமாக வரும். கால் பங்கு மருந்தைக் கொண்டு முழுப் பயனையும் பெறலாம் என்ற நோக்கத்தோடு அளவைக் குறைத்தால் மட்டுமே, மண்ணிலும் மீனிலும் மனிதனிடத்திலும் சேரும் நஞ்சு குறையும். இன்னொன்று, ஸ்திரமற்ற வடிவம் சுவரில் எத்தனை நாள் தன் வடிவத்தைக் காத்துக்கொண்டிருக்கும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். டி.டி.டி.யின் தனிச் சிறப்பே அது மாதக்கணக்கில் சுவரில் நின்று காவல் காத்தது; அவசரமாகப் பிரிந்துபோகும் வடிவம் அவசரமாகத் தீர்ந்தும் போகலாம். கொல்லும் வேகத்துக்கும் நிலைத்து நிற்கும் காலத்துக்கும் இடையே எங்கே சமரசம் செய்துகொள்வது என்பது, ஈக்கூண்டைக் கொண்டு மட்டும் முடிவு கட்டக்கூடியதல்ல; மண்சுவரிலும், ஓலைக் கூரையிலும், பனியிலும் வெயிலிலும் சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

இருந்தபோதிலும், இந்த விஷயத்தை அலட்சியம் செய்வதற்கில்லை என்பதை இலங்கையின் அனுபவம் காட்டும். 1934-35-இல் மலேரியாவுக்குச் சுமார் எண்பதாயிரம் பேரைப் பலிகொடுத்த அந்தத் தீவில், வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கத் தொடங்கிய பிறகு, 1946-இல் சுமார் 28 லட்சமாக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 1963-இல் வெறும் 17 ஆகக் குறைந்தது. பகை ஒழிந்ததென்று தெளிப்பை நிறுத்தினார்கள். 1968-69-இல் நோய் மறுபடியும் லட்சக்கணக்கானவர்களைப் பற்றிக்கொண்டது. அதற்குள் பல தேசங்களில் பூச்சிகளும் டி.டி.டி.யைத் தாங்கப் பழகிவிட்டிருந்தன. ஸ்வீடனிலும் இத்தாலியிலும் 1946-47-லேயே வீட்டு ஈக்கள் அதற்கு மசியவில்லை. புதிய மூலக்கூறு ஒன்றைக் கண்டுபிடித்து, சோதித்து, அங்கீகாரம் பெற்று வெளியிடப் பல ஆண்டுகளும் பெரும் பொருளும் செலவாகிற உலகத்தில், கையிலிருக்கும் பழைய மூலக்கூறுகளின் அடுக்கை மாற்றிக் குறைந்த அளவில் அதிக வேலை வாங்கலாம் என்பது, ஏழைத் தேசங்களுக்கு முக்கியமான செய்தியாகும். டி.டி.டி.யை 1989-இல் விவசாயத்திலிருந்து விலக்கிய இந்தியா, கொசு ஒழிப்புக்காக அதை வைத்துக்கொண்ட தேசங்களில் ஒன்று என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

நம் நாட்டில் விற்கும் பூச்சிக்கொல்லிப் பொட்டலத்தின்மேல் நஞ்சின் பெயர் இருக்கிறது. நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற கணக்கு இருக்கிறது. அபாயத்தின் அளவைக் காட்டும் வர்ண முக்கோணமும் இருக்கிறது. அந்தத் தூள் எந்த ஸ்படிக வடிவத்திலானது என்பது மட்டும் இருப்பதில்லை. பன்னிரண்டு மடங்கு வித்தியாசத்தை உண்டாக்கக்கூடிய ஒரு குணத்தை வாங்குபவனுக்கும் சொல்லாமல், விற்பவனும் தெரிந்துகொள்ளாமல் வியாபாரம் நடப்பது முறையாகாது. மாத்திரைக்கு அனுமதி தருவோர் கேட்கிற ஸ்படிகக் கேள்வியை, பூச்சிக்கொல்லிகளைப் பதிவு செய்யும் அதிகாரிகளும் இனிக் கேட்க வேண்டும். அதற்கு விடை சொல்லத் தேவையான எக்ஸ்-கிரணக் கருவிகளும் அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் நம் சர்வகலாசாலைகளில் இருக்கிறார்கள்.